இரண்டு பந்திக்கும் ஒரே மேசை

நடைபாதையில் ஓடக்கூடாது என்பது கப்பலின் விதி. ஓடுகிற மனிதன் ஒருவனை வரைந்து, அவன் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்து, சுவர் நெடுக ஒட்டியிருந்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டு மனிதர்களை ஒவ்வொருவராகத் தாண்டி அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தம்பியின் மணிக்கட்டு. இன்னொரு கையில் சுருட்டிப் பிடித்த நீல ஸ்வெட்டர். பின்னால் தியேட்டரில் கைதட்டல் அலைபோல் எழுந்தது; தடித்த கதவு சாத்திக்கொண்டதும், யாரோ அதைத் தலையணைக்கடியில் வைத்து அமுக்கியதுபோல் அடங்கிப்போனது. அதன் பிறகு கப்பலின் அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமலும், கம்பளத்திலிருந்து கிளம்பும் ஈரச் சோப்பு வாசனையும், அவர்களுடைய காலடிச் சத்தமும்தான்.

அந்தக் காலடிச் சத்தம்தான் சரியில்லை. இவ்வளவு தடித்த கம்பளத்தில் கால் விழுந்தால் சத்தமே வரக்கூடாது. ஆனால் அவள் கால் விழும்போதெல்லாம், கேபின்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதே நொடியில், இன்னொரு கால் விழுந்தது.

“அக்கா, கை வலிக்குது.”

“வலிக்கட்டும். வா.”

“அம்மாகிட்ட சொல்லாம வந்துட்டோம்.”

“சொன்னேனே! கேட்டாங்களா? ‘மேனேஜரம்மா, ஷோ முடியட்டும்’னாங்க. ஷோ முடிஞ்சா நாமளும் முடிஞ்சோம். வாடா பட்டாணி.”

அந்தத் தளத்தில் இரண்டு நடைபாதைகள். கப்பலின் இடது பக்கமாக ஒன்று, வலது பக்கமாக ஒன்று, நடுவில் கேபின்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இரண்டையும் இணைக்கிற குறுக்குச் சந்து வரும். முதல் சந்தைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பினாள். சந்தின் அந்தக் கோடியில், அந்தப் பக்கத்து நடைபாதையில், ஒரு பெண் ஒரு பையனை இழுத்துக்கொண்டு ஓடினாள். கையில் நீலமாக ஏதோ இருந்தது.

கண்ணாடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கப்பலில் எங்கே பார்த்தாலும் கண்ணாடிதானே.

அடுத்த சந்தில் மறுபடி பார்த்தாள். அவள் தம்பி தலையைக் குனிந்து, கால் தடுக்காமல் ஓடுவதிலேயே கவனமாக இருந்தான். அந்தக் கோடியில் இருந்த பையன் தலையைத் திருப்பி, வாயைப் பிளந்து, அவளையே பார்த்தான்.

கண்ணாடி இல்லை.

எல்லாம் ஒரு பந்திச் சண்டையில் ஆரம்பித்தது.

கப்பலில் ராத்திரிச் சாப்பாடு இரண்டு நேரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாதிப் பேர் டைனிங் ஹாலில் சாப்பிடும்போது மீதிப் பேர் தியேட்டரில் ஷோ பார்ப்பார்கள். அப்புறம் இவர்கள் அங்கே, அவர்கள் இங்கே. ஏறிய அன்றைக்கே அப்பா அதற்கு முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பெயர் வைத்துவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் அவர். கப்பலின் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் காதைச் சாய்த்துக் கதவுச் சத்தத்தைக் கேட்டு, “ரோலர் தேஞ்சிருக்கு, இவங்களுக்குச் சொல்ல ஆளில்ல” என்பார். அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுப்பவளுக்கே நெஞ்செரிச்சல். லேட்டாகச் சாப்பிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்க வேண்டும். அதனால் முதல் பந்தி. போனில் கப்பலின் ஆப்பை வைத்து இதையெல்லாம் பதிவு செய்யும் பொறுப்பு மூத்தவளுக்கு. அதனால்தான் அவள் ‘மேனேஜர்’. பத்தாவது பரீட்சை எழுதி முடித்த மேனேஜர்.

தம்பி ‘பட்டாணி’ ஆனதற்கு வேறு காரணம். எதில் பட்டாணி இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான். கடைசி வரை சாப்பிடமாட்டான். கேட்டால், “அதுங்க வேடிக்கை பாக்குதுங்க” என்பான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கயிற்றில் தொங்கி வித்தை காட்டுகிறவர்களின் ஷோ. இரண்டாவது ஷோவுக்குப் போனால் அப்பா தூங்கிவிடுவார். டிக்கெட் காசுக்குக் குறட்டை விடுகிற மனுஷன். முதல் ஷோவுக்குப் போனால் சாப்பாடு இரண்டாம் பந்தி. அம்மாவின் நெஞ்சு எரியும்.

“உங்களுக்குத் தொங்கறவன் முக்கியம். பொண்டாட்டி வயிறு முக்கியமில்ல.”

“உன் வயித்து மருந்துக்கு உன் ஹேண்ட்பேக்லயே ஒரு கடை இருக்கு. தொங்கறவன் நாளைக்கு வருவானா?”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க,” என்றாள் அவள் போனைத் தூக்கிக் காட்டி. “எதைப் போடட்டும்? சீக்கிரம் சொல்லுங்க.”

அப்பா யோசிக்கவேயில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் துண்டையும் எதிர் சீட்டில் பையையும் போட்டுவிட்டு, ஏறிய பிறகு எதில் காற்று வருகிறது என்று பார்த்து உட்காருகிறவர் அவர். “ரெண்டுலயும் துண்டு போட்டு வை. நேரம் வரும்போது ஒண்ணை விட்டுக்கலாம்” என்றார்.

ஏற்கெனவே இருந்த முதல் பந்தியை அவள் கலைக்கவில்லை. அதோடு இரண்டாம் பந்தியையும் சேர்த்தாள். ஆப் மறுத்திருக்க வேண்டும். ஒரே ஆட்கள், ஒரே ராத்திரி, இரண்டு சாப்பாடு. ஆனால் அது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பச்சையாக ஒரு டிக் காட்டியது. ‘உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்றது.

அன்றைக்கு அப்பா ஜெயித்தார். ஷோ பார்த்துவிட்டு இரண்டாம் பந்திக்கு இறங்கினார்கள். அவர்கள் மேசை ஜன்னலோரம். பரிமாறுகிறவர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். சமையலறையிலிருந்து வருகிறாரா சலவையிலிருந்து வருகிறாரா என்று தெரியாத அளவுக்கு வெள்ளை. இவர்களைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது, பிறகு சிரித்தார்.

“மறுபடியுமா சார்? இப்பதானே எழுந்து போனீங்க?”

அப்பா கடகடவென்று சிரித்தார். “ஆளை மாத்திட்டீங்க தலைவரே. எங்களை மாதிரி லட்சணமா இன்னொரு குடும்பமா?”

மேசையை இன்னும் துடைக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அம்மா உட்காரும் இடத்தில் துணி நாப்கின் மாத்திரை மடிக்கும் பொட்டலம்போலச் சின்னதாக மடித்துக் கிடந்தது. அப்பா இடத்தில் பல்குத்தி இரண்டாக ஒடிந்திருந்தது. அவள் இடத்தில் ஜூஸ் ஸ்ட்ராவின் காகித உறை. நடுவில் ஒரு முடிச்சு. கை சும்மா இருந்தால் அவள் போடும் அதே முடிச்சு.

தம்பியின் தட்டில், விளிம்போடு விளிம்பாக, வரிசை கலையாமல், பட்டாணி.

“அட, யார் பெத்த புள்ளைக்கோ உன் வியாதி இருக்குடா!” என்று அம்மா அவன் தலையைக் கோதினாள். தம்பி சிரிக்கவில்லை. கையுறைக்காரர் தட்டை எடுத்தபோது ஒரு பட்டாணி உருண்டு மேசைத்துணியில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் பொறுக்கி, ஒரு பொருளைத் தொலைத்தவரிடம் திருப்பித் தருவதுபோல, தம்பியின் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டாம் பந்திக்கே பழகிவிட்டார்கள். முதல் ஷோ, அப்புறம் சாப்பாடு. யாரும் முடிவு செய்யவில்லை, ஆப்பில் எதையும் கலைக்கவுமில்லை; கால் அந்த வழியாகவே போனது. அம்மாவுக்கு நெஞ்செரிச்சலும் வரவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் மூத்தவள் தன் நாற்காலியில் உட்காரும்போது, அது சூடாக இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு பெரிய மீசைக்காரரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். அவர் ஜோக் சொன்னால் பத்து மேசைக்குக் கேட்கும். அப்பாவுக்கு ஒருநாள் சிரித்துச் சிரித்துப் புரையேற, மீசைக்காரர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். “நாளைக்கு எங்களுக்குச் சாப்பாடு வேணாம் தம்பி, மேல் தளத்துல பாட்டுக் கச்சேரி. ஒருநாள் வரலேன்னா கொன்னுடுவாங்களா?” என்று கையுறைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார் அவர்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாள் அந்த மேசையே இல்லை. கம்பளத்தில் மேசைக்கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன.

“அப்பா, மீசை மாமா எங்கே?”

“எந்த மீசை மாமா?”

“உங்க முதுகுல தட்டினாரே!”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். “கடல் காத்து ஒத்துக்கல போல” என்றாள். தம்பி மட்டும் மேசைக்கடியில் அவள் விரலை இறுக்கிப் பிடித்தான். அவனுக்கு ஞாபகம் இருந்தது.

போய்க் கேட்டுவிடுவது என்று அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். பயந்து கட்டிலில் சுருண்டு படுத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவள். தப்பாக ஒன்று நடந்தால் போய் நின்று கேட்கிறவள்; பள்ளிக்கூடத்தில் அதற்காகவே எத்தனையோ முறை வெளியே நின்றிருக்கிறாள். மறுநாள், பயணத்தின் கடைசி நாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், டைனிங் ஹாலுக்கு இறங்கினாள்.

ஹால் காலியாக இருந்தது. வெளுத்த மேசைத்துணிகள், கவிழ்த்த கண்ணாடித் தம்ளர்கள். கப்பல் மெல்லச் சாயும்போதெல்லாம் அத்தனை தம்ளர்களும் சேர்ந்து பல் கடிப்பதுபோல் ஒரு சத்தம். கையுறைக்காரர் தனியாக உட்கார்ந்து ஃபோர்க்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நாங்க தப்பா ரெண்டு பந்தியிலயும் புக் பண்ணிட்டோம். ஒண்ணை எடுத்துடுங்க.”

“தெரியும்மா. ரெண்டுலயும் ஒழுங்கா வந்து சாப்பிடறீங்களே.”

“நாங்க ஒண்ணுலதான் சாப்பிடறோம்.”

“புக்கிங் இருந்தா ஆள் வரும்மா. இந்தக் கப்பல்ல பதிவு பண்ண மேசை எதுவும் காலியா கிடந்ததில்ல.” குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. மழை வரும்போது குடை எடுத்துப் போகச் சொல்கிறவரின் குரல். “சரி, ஒண்ணை எடுத்துடறேன். எதை எடுக்கட்டும்? முதல்ல போட்டதா, அப்புறமா சேர்த்ததா?”

“அப்புறமா சேர்த்ததை.” ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னாள்.

அவர் ஃபோர்க்கைத் துடைப்பதை நிறுத்தினார். “நல்லா யோசிச்சீங்களா? முதல்ல போட்டது எந்தப் பந்தி?”

“முதல் பந்தி.”

“அப்புறமா சேர்த்தது?”

“ரெண்டாம்…”

“நீங்க எந்தப் பந்தியில சாப்பிடறீங்க?”

தம்ளர்கள் பல் கடித்தன.

முதல் பந்தியில் சாப்பிட்ட நாட்களை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஏறிய அன்றைக்கு, அதற்கு மறுநாள். அந்த ஜன்னலோர மேசை. அந்நேரத்துக்கு வெளியே சூரியன் இருந்திருக்க வேண்டும். கடல் சிவந்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு தேடியும் அந்த ஜன்னலில் அவளுக்குக் கிடைத்தது இருட்டு மட்டும்தான். கறுத்த கண்ணாடி. அதில் அவர்கள் நால்வரின் முகம்.

“வேணாம்,” என்றாள். “எதையும் எடுக்காதீங்க.”

“இன்னிக்கு எடுத்துத்தானே ஆகணும்? கடைசி நாள் பந்தி பிரிக்கிறதில்லம்மா. ஷோவும் ஒண்ணு, சாப்பாடும் ஒண்ணு, மேசையும் ஒண்ணு. ஷோ நடக்கும்போதே ஹாலைத் திறந்துடுவோம். யார் முதல்ல வந்து உட்கார்றாங்களோ அவங்களுக்குப் பரிமாறுவேன்.”

“மத்தவங்களுக்கு?”

அவர் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். கறைபட்ட நாப்கின் ஒன்றை எடுத்து, மடித்து, இன்னும் மடித்து, மடிக்க இடமில்லாமல் போகும் வரை மடித்து, தன் கையுறைக்குள் செருகிக்கொண்டார்.

“எங்க மேசை அது,” என்றாள் அவள். “நாங்க வருவோம். எவ வந்தாலும் சரி, எழுந்திரிக்க மாட்டேன். பாத்துக்குங்க.”

“அவங்களும் அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க,” என்றார் கையுறைக்காரர்.

தம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் நம்பினான். அம்மா அப்பாவிடமும் சொன்னாள். அவர்கள் அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்துத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள்.

மாடியில் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒருத்தி சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு தலைகீழாக இறங்கினாள். விளக்கின் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கத்து மாடியை நக்கிவிட்டுப் போனது. அந்த ஒரு நக்கில் தெரிந்தது. அப்பாவின் வழுக்கை. அம்மாவின் ஹேண்ட்பேக். நாற்காலியில் மண்டியிட்டு நின்று பார்க்கும் ஒரு பையன். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண். மேடையைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

இல்லை. மேடையைப் பார்க்காதவர்கள் இரண்டு பேர்.

“அம்மா, வா, இப்பவே சாப்பிடப் போலாம். சத்தியமா சொல்றேன். வாங்க!”

“மேனேஜரம்மா, ஷோ முடியட்டும்.”

“அப்பா!”

“உஷ். தொங்கறா பாரு.”

எதிர்மாடியில் அந்தப் பெண்ணும் தன் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் திரும்பவில்லை.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் தம்பியின் கையைப் பிடித்தார்கள்.

இப்போது மூன்றாவது சந்து.

அந்தக் கோடியில் அவளும் வந்துவிட்டாள். இந்த முறை முகம் தெரிந்தது. ஏதோ பேய் முகம் இருக்கும், கோரமாகச் சிரிக்கும் என்று எதிர்பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. கன்னமெல்லாம் கண்ணீர். கீழுதட்டைக் கடித்திருந்தாள். பயந்து செத்துக்கொண்டிருந்த முகம். தன்னைப் பார்த்துத்தான் அவள் அப்படிப் பயப்படுகிறாள் என்று இவளுக்குப் புரிந்தது.

“அவங்களும் அழறாங்க அக்கா.”

“பாக்காதே.”

“அவன் என்னை மாதிரியே…”

“பாக்காதேன்னு சொன்னேன்ல!”

படிக்கட்டு. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. கீழ்த்தளம். வெண்ணெய் வாசனை, சூடான ரொட்டி வாசனை. ஹாலின் கண்ணாடிக் கதவில் மஞ்சள் வெளிச்சம். இன்னும் கொஞ்ச தூரம்.

தம்பியின் ஷூ கழன்றது.

“அக்கா, ஷூ!”

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பளத்தின் நடுவில் சின்ன ஷூ ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் கடைசிச் சந்து. அதன் கோடியில் அந்தப் பையனின் ஷூவும் கழன்று கிடந்தது. அந்தப் பெண் நின்றாள். மூச்சிரைக்க, மண்டியிட்டு உட்கார்ந்து, தம்பியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஷூவை மாட்ட ஆரம்பித்தாள்.

வழக்கமாக அவளும் அதைத்தான் செய்வாள். எத்தனை அவசரமானாலும். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றாலும்.

இன்றைக்குச் செய்யவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஷூவை விட்டுவிட்டு, ஓடினாள்.

தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள். மேசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினாள். ஜன்னலோரம். அவர்கள் மேசை. நாலு நாற்காலி. தம்பியை ஒன்றில் உட்கார வைத்தாள். இன்னொன்றில் தான் உட்கார்ந்தாள். நீல ஸ்வெட்டரை உதறி, எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளின் மேலும் படும்படி நீளமாகப் போட்டாள். அப்பா பஸ்ஸில் போடுவதைப்போல. அம்மாவுக்கும் அப்பாவுக்கும்.

இந்த முறை நாற்காலி சூடாக இல்லை. சில்லென்று இருந்தது.

“வந்துட்டேன்,” என்றாள், மூச்சு வாங்க, கையுறைக்காரரிடம். “பரிமாறுங்க.”

அவர் தலையசைத்தார். தட்டுகள் வந்தன. ஆவி பறந்தது. அவர் குனிந்து கேட்டார்: “மீதி ரெண்டு பேர்?”

“வருவாங்க.”

“நிச்சயமா?”

“என் அம்மா அப்பா. எனக்குத் தெரியாதா? வருவாங்க. அதுவரைக்கும் அந்த ஸ்வெட்டர் மேல யார் கையும் படக்கூடாது.”

“சரிம்மா.”

மேசைக்கடியில் தம்பியின் வெறுங்காலைத் தன் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். சில்லிட்டிருந்தது. தூரத்தில் தியேட்டரில் கடைசிக் கைதட்டல். நீண்ட கைதட்டல். முடிந்தது.

ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்றார்கள்.

அப்பா. அம்மா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். தோளில் நீல ஸ்வெட்டர். முன்னால் ஒரு பையன். இரண்டு காலிலும் ஷூ.

“அம்மா!” எழ வேண்டும்போல் கால் துள்ளியது. எழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, உள்ளே வா! இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்! அப்பா!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் போகவில்லை. அம்மா உள்ளே பார்த்தாள். அவள் பார்வை மேசை மேசையாக வந்து, இவள் மேல் பட்டு, ஒரு கணம் நின்றது. யார் வீட்டுப் பிள்ளைகளோ தனியாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்பதுபோல் லேசாகப் புன்னகைத்தாள். பிறகு பார்வை நகர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு அம்மாவும் அப்பாவும் வரவேண்டும். கணக்குப்படி வரவேண்டும். அவள் அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். நடைபாதை காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். கறுத்த கண்ணாடி. அதில் மேசை தெரிந்தது, தட்டு தெரிந்தது, ஸ்வெட்டர் போர்த்திய இரண்டு நாற்காலிகள் தெரிந்தன. தாங்கள் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு நாற்காலிகளை அவள் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்று கழுத்தை விறைத்துக்கொண்டு திருப்பினாள்.

“மேசை கிடைக்காதவங்க வெளியே நிக்கறாங்க,” என்றார் கையுறைக்காரர். “கதவைச் சாத்தட்டுமா? இல்ல நீங்க எழுந்திரிக்கிறீங்களா?”

“எழுந்திரிக்க மாட்டேன்.”

“உங்களுக்கு வயசு கம்மி. நல்லா யோசிச்சு…”

“எழுந்திரிக்க மாட்டேன்னா எழுந்திரிக்க மாட்டேன். எந்தப் பந்தியில சேர்ந்தவளா இருந்தா என்ன? எனக்குப் பசிக்குது. என் தம்பிக்குக் குளிருது. நாங்க இங்கேதான் இருக்கோம்.”

ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். சூடு தெரிந்தது. ருசி தெரியவில்லை. மென்றாள். விழுங்கினாள். கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு அடுத்த வாய்.

கதவுக்கு வெளியே அந்தப் பையன் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினான். பனி படர்ந்தது. அதில் ஒரு விரலை வைத்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டான். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. விளிம்போடு விளிம்பாக, வரிசை கலையாமல்.

அவளுக்குப் பக்கத்தில் தம்பி தன் தட்டிலிருந்து பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக. விளிம்பில். வெளியே ஒரு வட்டம் விழும்போது, உள்ளே ஒரு பட்டாணி.

வெள்ளைக் கையுறை கண்ணாடிக் கதவுத் திரைச்சீலையின் கயிற்றைத் தொட்டது.

தம்பி நிமிர்ந்து கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, ரகசியமாகக் கேட்டான்:

“அக்கா, நாம எந்த புக்கிங்?”